கடல் கடந்து வரும் கயிறு

சஹ்யாத்ரி மலைகளுக்கு அருகில் வாழும் நம் சங்கக் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகள் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவது இப்போது புதுமை அன்று. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நவி மும்பையில் பாறையேற்றத்திற்கான உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. அதன்பிறகு செயற்கைச் சுவர்களில் பழகும் பிள்ளைகள் சிலர், இயற்கைப் பாறைக்கும் போக ஆசைப்படுகிறார்கள். லோனாவளாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே ரயில் மலையிறங்கும்போது பாம்பின் படம்போல் நிற்கும் நாகபணிச் சிகரத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கயிறு கட்டி ஏறுவோர் உண்டு.

பிள்ளைகள் இப்படிக் கிளம்பியதும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் மூன்று. கருவிகளை எங்கே வாங்குவது? இங்கே கிடைக்காததை வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரடியாகத் தருவிக்கலாமா? தருவித்தால் அது நம்பத்தக்கது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் மலை ஏறியவன் அல்லன். ரயில்வேயில் பாதைப் பிரிவில் இருந்தவன். பொருள்களைக் கேட்டு வாங்கி, சோதித்து, ஏற்றுக்கொள்வதும் தள்ளுவதும் பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தன. ஏறும் கலையைப் பயிற்சியாளர்தான் கற்பிக்க வேண்டும். வாங்கும் முறையை மட்டும் இங்கே பாடமாக எழுதுகிறேன். பாடத்தின் சாரம் இது: உயிரைத் தாங்கும் பொருளை வாங்கும்போது பொருளை மட்டும் வாங்கக்கூடாது, யார் செய்தது, எப்போது செய்தது, எந்த விதிப்படி செய்தது என்ற சான்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். சான்று இல்லாத பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

1. எதை வெளியிலிருந்து வாங்க வேண்டும்?

எல்லாவற்றையும் கடல் கடந்து தருவிக்க வேண்டியதில்லை. கயிறு, காரபினர் எனப்படும் திறந்து மூடும் உலோக வளையம், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், தலைக்கவசம் ஆகிய நான்கும் பெயர்பெற்ற ஐரோப்பிய நிறுவனங்களின் தயாரிப்பாகவே இந்தியாவில் விற்கப்படுகின்றன. தயாரிப்பாளர்கள் தங்கள் முகவர்களின் பெயரை நாடுவாரியாக வெளியிடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். விலை சிறிது கூடுதலாக இருந்தாலும், கையில் எடுத்துப் பார்க்கவும், குறை இருந்தால் திருப்பித் தரவும் இங்கே முடியும்.

கிடைக்காதவை வேறு வகையானவை. பாறைப் பிளவுக்குள் செருகியதும் விரிந்து பிடித்துக்கொள்ளும் ‘கேம்’ என்ற கருவியின் குறிப்பிட்ட அளவுகள் அவற்றுள் ஒன்று. ரே ஜார்டைன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த இக்கருவி, 1978 முதல் ‘பிரெண்ட்ஸ்’ என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. ஸ்பெயினில் செய்யப்படும் டோட்டம் போன்ற சிலவற்றை அயல்நாட்டுக் கடைகளில்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிகச் சிறிய, மிகப் பெரிய காலணி அளவுகளும், 40 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கான முழு உடல் ஹார்னஸும் இங்கே எளிதில் அகப்படுவதில்லை. இத்தகையவற்றுக்குத்தான் வெளிநாட்டுக் கடையை நாட வேண்டும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். ‘இங்கே கிடைப்பவை’ ஒன்று. ‘இங்கே கிடைக்காதவை’ மற்றொன்று. பட்டியலைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவர் அதில் பாதியை அடித்துவிட வாய்ப்பு உண்டு. முதல் ஆண்டு பழகும் பிள்ளைக்குக் காலணி, ஹார்னஸ், தலைக்கவசம், பூட்டுள்ள காரபினர் ஒன்று, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி ஒன்று ஆகியவை போதும். கயிறும் மற்றவையும் குழுவினுடையதாக இருக்கும்.

2. முத்திரையைப் படிக்கும் விதம்

தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் புடைப்பெழுத்துகள் இருக்கும். எந்த ஆலை, மீட்டருக்கு எத்தனை கிலோ எடை, எந்தத் தரம், எந்த மாதம், எந்த ஆண்டு என்பன அதில் உருட்டப்பட்டிருக்கும். எந்த உருக்கிலிருந்து வந்தது என்ற எண்ணும் தனியே குத்தப்பட்டிருக்கும். எங்கோ ஒரு தண்டவாளம் விரிசல் விட்டால், அதே உருக்கில் பிறந்த மற்றவற்றைத் தேடிப் பிடிக்க அந்த எண் உதவுகிறது. மலையேற்றக் கருவிகளிலும் இதே ஏற்பாடு உள்ளது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, யு.ஐ.ஏ.ஏ. என்ற எழுத்துகள். இது 1932-இல் பிரான்சின் ஷாமொனி நகரில் தொடங்கப்பட்ட உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு. 1960 முதல் கயிற்றுக்கும், பிறகு மற்றக் கருவிகளுக்கும் பாதுகாப்பு விதிகளை வகுத்துவருகிறது. இதன் முத்திரை பெறுவது தயாரிப்பாளரின் விருப்பம்.

இரண்டாவது, சி.இ. என்ற ஐரோப்பியக் குறி. இது ஐரோப்பாவில் விற்பதற்குச் சட்டப்படி கட்டாயம். உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும் கருவிகள் அங்கே மூன்றாம் வகை என்னும் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. ஆகவே அவற்றில் சி.இ. எழுத்துகளை அடுத்து நான்கு இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். உற்பத்தியைக் கண்காணிக்கும் சோதனை நிறுவனத்தின் எண் அது. எண் இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால் ஐயப்படுங்கள்.

மூன்றாவது, ஈ.என். என்ற ஐரோப்பிய விதியின் எண். கீழ்க்கண்டவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் கயிறு: ஈ.என். 892
காரபினர்: ஈ.என். 12275
ஹார்னஸ்: ஈ.என். 12277
தலைக்கவசம்: ஈ.என். 12492
தைத்த நாடா வளையம் (ஸ்லிங்): ஈ.என். 566
கேம்: ஈ.என். 12276
பிளவில் செருகும் நட்: ஈ.என். 12270

சைக்கிள் தலைக்கவசத்தின் விதி வேறு. அதன் எண் 1078. மேலிருந்து விழும் கல்லை மனத்தில் வைத்து அது செய்யப்பட்டதன்று. “தலைக்கவசம்தானே, வீட்டில் இருக்கிறதே” என்று அனுப்பிவிடாதீர்கள்.

நான்காவது, தாங்குதிறன். காரபினரின் முதுகில் மூன்று சிறு படங்களும் மூன்று எண்களும் இருக்கும். அலகு கிலோ நியூட்டன். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய 102 கிலோ எடையின் இழுப்பு. சாதாரண காரபினர் வாய் மூடிய நிலையில் நீளவாக்கில் குறைந்தது 20, வாய் திறந்த நிலையில் 7, குறுக்குவாக்கில் 7 தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது, சரியாக மாட்டினால் இரண்டு டன். வாய் திறந்துகொண்டாலோ குறுக்கே திரும்பினாலோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். சாவிக்கொத்து மாட்டுவதற்கென்று அதே உருவத்தில் விற்கும் வளையங்களில் இந்த எண்கள் இரா. உருவ ஒற்றுமையைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

ஐந்தாவது, தொகுதி எண்ணும் தயாரித்த ஆண்டும். இதன் பயனைக் கடைசிப் பகுதியில் காண்போம்.

3. கயிற்றில் மட்டும் ஏன் இத்தனை கவனம்?

கயிறு என்றால் அறுந்துபோகாமல் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். ஏறுபவருக்கு அது போதாது. அறுந்துபோகாத கயிறு, விழுபவரைச் சட்டென்று நிறுத்தினால், அந்த அதிர்ச்சி அவர் உடலையும் பாறையில் அடித்த பிடியையும் தாக்கும். ரயில் பெட்டிகளுக்கு இடையே பஃபர் ஏன் வைத்திருக்கிறோமோ, அதே காரணத்திற்காக ஏறும் கயிறு நீள வேண்டும்.

1953-இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம், உள்ளே இழைக்கற்றைகளும் வெளியே பின்னிய உறையும் கொண்ட நைலான் கயிற்றை உருவாக்கியது. இன்று ஏறும் கயிறுகள் யாவும் இந்த வகையே. ஈ.என். 892 விதிப்படி ஒற்றைக் கயிற்றுக்குச் சோதனை இப்படி: 80 கிலோ எடையைக் கடுமையான நிலையில் திரும்பத் திரும்ப விழ விடுகிறார்கள். முதல் விழுச்சியில் எழும் இழுப்பு 12 கிலோ நியூட்டனை மீறக்கூடாது. குறைந்தது 5 விழுச்சிகளைக் கயிறு தாங்க வேண்டும். ‘ஐந்து முறை விழலாம், ஆறாவது முறை அறுந்துவிடும்’ என்று இதற்குப் பொருள் இல்லை. சாதாரணப் பழக்கத்தில் வரும் விழுச்சி, சோதனைச் சாலையின் விழுச்சியைவிட மிக மென்மையானது.

கடுமையை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. விழுந்த தூரத்தை, வெளியில் விட்டிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். 4 மீட்டர் விழுந்து, 8 மீட்டர் கயிறு வெளியில் இருந்தால் விகிதம் 0.5. அதே 4 மீட்டர் விழுந்து, 2 மீட்டர் கயிறுதான் வெளியில் இருந்தால் விகிதம் 2. விழுந்த தூரம் ஒன்றே. இரண்டாவதில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் கயிறு போதாமையால் அடி பலமாக இருக்கும். சோதனைச் சாலையில் கயிற்றைச் சோதிப்பது 1.7-க்கும் சற்றுக் கூடுதலான விகிதத்தில்.

கயிற்றின் நுனியில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பாருங்கள். வட்டத்துக்குள் 1 என்றிருந்தால் ஒற்றையாகவே பயன்படுத்தும் கயிறு. வட்டத்துக்குள் அரை என்ற பின்னம் இருந்தால் அது ‘ஹாஃப்’ கயிறு. இரண்டு கயிறுகளைக் கொண்டு ஏற வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய இரு வளையங்கள் இருந்தால் இரட்டைக் கயிறு. இரண்டையும் சேர்த்தே ஒவ்வொரு பிடியிலும் மாட்ட வேண்டும். அரைக் கயிறு ஒன்றை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று தருவித்தால் பயன் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஈ.என். 1891 என்ற விதிப்படி செய்த கயிறு, மீட்புப் பணிக்கும் கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கும் உரியது. அது வேண்டுமென்றே குறைவாக நீளும்படி செய்யப்பட்டது. நம் அன்பர் ஒருவர் வெளிநாட்டுக் கடையில் தள்ளுபடி விலையில் பார்த்து, மகளுக்காக அறுபது மீட்டர் கயிறு வரவழைத்தார். நிறம், பருமன், நிறுவனத்தின் பெயர் எல்லாம் நன்றாக இருந்தன. மகள்தான் நுனிப்பட்டையைப் படித்து, “அப்பா, இதில் 1891 என்று போட்டிருக்கிறது. இதைக் கட்டி மேலே ஏறக்கூடாது” என்றாள். பயிற்சியாளரும் அதையே சொன்னார். அந்தக் கயிறு இன்று கீழிறங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. கயிறு நல்ல கயிறுதான், வேலைதான் வேறு. பத்து வினாடி வாசிப்பில் அந்தப் பெண் தன் உயிரையோ, தோழியின் உயிரையோ காப்பாற்றியிருக்கலாம்.

4. யாரிடம் வாங்குவது?

தயாரிப்பாளர் பெயர் சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஒரே பெரிய வணிகத் தளத்தில் ஆயிரம் பேர் விற்கலாம். தளத்தின் பெயர் பெரியதாக இருப்பதால் விற்பவர் நம்பத்தக்கவர் ஆகிவிடமாட்டார். பொருளுக்கு அடியில் ‘விற்பவர்’ என்று எவர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இது வீண் அச்சம் அன்று. பிரான்சின் பெட்ஸல் நிறுவனம், தன் காரபினர், கயிறேறும் கருவி முதலியவற்றைப் போலவே செய்த போலிகள் கண்டறியப்பட்டதாக 2011-இல் எச்சரிக்கை வெளியிட்டது. உருவம், எழுத்து, முத்திரை, உறை வரை அச்சாக இருந்தன. முத்திரையையும் போலி செய்ய முடியும் என்றால் முத்திரையைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். முத்திரை சான்றில் பாதி. பொருள் ஆலையிலிருந்து உங்கள் கைக்கு வந்த வழி மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் சான்று முழுமை. ரயில்வேயிலும் முத்திரை இருக்கிறது என்பதற்காக வழிப்போக்கன் கொண்டுவந்த பிஷ் பிளேட்டை யாரும் பாதையில் பொருத்துவதில்லை.

பழைய பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ கழித்துவிட்ட கயிறு, ஸ்லிங், ஹார்னஸ் ஆகியவற்றை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நைலான் வெயிலாலும் அமிலத்தாலும் வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலும், பழைய பொருள்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

எல்லா வெளிநாட்டுக் கடைகளும் இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. அனுப்பும் கடைகளும் சில நிறுவனங்களின் பொருளை மட்டும் அனுப்ப மறுக்கும். நாடுவாரியாக விற்பனை உரிமை பிரிக்கப்பட்டிருப்பதே காரணம். பணம் கட்டும் முன் கடிதம் எழுதி மூன்று விவரங்கள் கேளுங்கள்: இந்தப் பொருளை இந்தியாவுக்கு அனுப்புவீர்களா? உங்கள் நாட்டு விற்பனை வரியைக் கழிப்பீர்களா? பொருளின் தயாரிப்பு ஆண்டு என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாத கடையை விட்டுவிடுங்கள். பெரிய தள்ளுபடியில் விற்பவை பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தவையாக இருக்கக்கூடும்.

காலணியின் அளவு தனிச் சிக்கல். நம் நாட்டில் பழக்கத்தில் இருப்பது பிரிட்டிஷ் அளவு. ஐரோப்பியக் கடைகள் தருவது ஐரோப்பிய அளவு. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் 8.47 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சரியாகப் பொருந்தாது. பாறையேற்றக் காலணியை இறுக்கமாகவும் அணிவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சும் வேறு. தோழர்களிடம் இருக்கும் அதே நிறுவனத்தின் அதே வகைக் காலணியைப் பிள்ளை ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே வரவழையுங்கள்.

5. வீடு வந்து சேரும் விலை

கடை காட்டும் விலை உங்கள் விலை அன்று. சுங்கவரி பொருளின் விலைமேல் மட்டும் விழுவதில்லை; அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டிய தொகையின்மேல் விழுகிறது. அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. வரியோ, சுங்கத்தையும் சேர்த்த தொகையின்மேல் விழுகிறது. வரியின்மேல் வரி என்பதால் வீட்டுக் கணக்கு எதிர்பாராத அளவுக்கு ஏறும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். விகிதங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறக்கூடியவை. பொருளின் வகையைப் பொறுத்தும், வரும் வழியைப் பொறுத்தும் வேறுபடும். ஆகவே கீழ்க்கண்ட எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டுமே.

ஜெர்மன் கடையில் விலை 119 யூரோ. அந்நாட்டு விற்பனை வரி 19 விழுக்காட்டைக் கழித்தால் 100 யூரோ. அனுப்பும் செலவும் காப்பீடும் 20 யூரோ. மொத்தம் 120 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,000 ரூபாய். சுங்கம் 20 விழுக்காடு என்றால் 2,400 ரூபாய். சுங்கத்தின்மேல் துணைவரி 10 விழுக்காடு என்றால் 240 ரூபாய். கூட்டினால் 14,640 ரூபாய். இதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்றால் 2,635 ரூபாய் 20 காசு. ஆக மொத்தம் 17,275 ரூபாய் 20 காசு. கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும், அயல்நாட்டுப் பணமாக மாற்றுவதற்கு வங்கி எடுத்துக்கொள்வதும் தனி.

10,000 ரூபாய்ப் பொருள் என்று நினைத்துத் தொடங்கியது 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்தத் தொகையை எழுதி வைத்துக்கொண்டு, இந்திய முகவரின் விலையோடு ஒப்பிடுங்கள். பல சமயம் இந்தியக் கடையே மலிவு என்று தெரியவரும்.

அனுப்பும் செலவைக் குறைக்க, இரண்டொரு பொருள்களைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழைக்கலாம். மேற்சொன்ன விகிதத்தில் அனுப்பும் செலவு பொருளுக்கு 20 யூரோவிலிருந்து 10 யூரோவாகக் குறைந்தால், பொருள் ஒன்றுக்கு 1,439 ரூபாய் 60 காசு மிச்சம். ஆனால் ஒரே பொருளைப் பத்தும் பதினைந்துமாக ஒருவர் பெயரில் வரவழைத்தால், அது சொந்தப் பயனுக்கா, வியாபாரத்துக்கா என்ற கேள்வி எழும். அளவோடு இருப்பது நல்லது.

‘அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்’, ‘விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று கடைக்காரரைக் கேட்பது பழைய வழக்கம். அதைக் கைவிடுங்கள். அஞ்சலிலோ கூரியரிலோ வருவதை அன்பளிப்பு என்று சொல்லிச் சுங்கவரியில்லாமல் எடுக்கும் சலுகை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. மேலும், விலையைக் குறைத்துக் காட்டிய பொதி வழியில் தொலைந்தால், காப்பீடும் குறைத்துக் காட்டிய தொகைக்கே கிடைக்கும். கூரியர் நிறுவனம் உங்கள் அடையாளச் சான்றைக் கேட்கும், அது சட்டப்படியானதே. ஆனால் கைப்பேசியில் யாரோ இணைப்பு அனுப்பி ‘சுங்கம் கட்டுங்கள்’ என்றால், பொதியின் எண்ணைக் கொண்டு கூரியர் நிறுவனத்தை நீங்களே அழைத்துக் கேட்ட பிறகு கட்டுங்கள்.

6. ஊருக்கு வருபவர் கையில்

நியூஜெர்சிச் சித்தப்பாவும் லண்டன் அத்தையும் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நம் குடும்பங்களில் எளிய வழி. பயணிகளுக்கென்று தனி வரிவிலக்கு வரம்பு உண்டு. அதை அவர்கள் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரம்பை மீறினால் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் சென்று சொல்லிவிட வேண்டும். கடையின் ரசீது பெட்டியில் இருக்கட்டும். பனிக்கோடரி, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் முதலியன கைப்பையில் கூடாது. பெரிய பெட்டியில்தான் வர வேண்டும்.

கொண்டுவரவே கூடாதவை இரண்டு. முதலாவது, முகாம் அடுப்புக்கான காஸ் டப்பா. அது விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அனுமதிக்கப்படாது. இரண்டாவது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. அமெரிக்க மலையேறிகள் பலர் இதைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். “பிள்ளை மலைக்குப் போகிறான், ஆபத்துக்கு உதவும்” என்று பாசத்தோடு வாங்கி வருவார்கள். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ, அத்தகைய கருவியோ வைத்திருப்பது குற்றம். இதனால் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கில் சிக்கிய அயல்நாட்டுப் பயணிகள் உண்டு. வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. வந்து சேர்ந்த பிறகு

பொதியைப் பிரிக்கும் முன் ஒரு படம், பிரிக்கும்போது ஒரு படம் எடுங்கள். பொருளில் மாட்டியிருக்கும் அட்டையை அறுக்க வேண்டாம். பொதுவாக அட்டை அறுத்த பொருளைக் கடை திரும்ப எடுப்பதில்லை. திருப்பி அனுப்பினாலும் நீங்கள் கட்டிய சுங்கம் தானாகக் கைக்கு வந்துவிடாது. ஆகவே முதல் பார்வையிலேயே முடிவு செய்ய வேண்டும்.

காரபினரின் வாயைப் பலமுறை திறந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் தானே முழுதும் மூடிக்கொள்ள வேண்டும். பூட்டு நெருடலின்றிச் சுழல வேண்டும். ஹார்னஸின் தையல்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கயிற்றை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை விரல்களுக்கிடையே நழுவவிட்டுத் தடவுங்கள். ஓரிடத்தில் மெலிந்தோ, புடைத்தோ, தொளதொளத்தோ இருந்தால் அதை ஏற்க வேண்டாம். உடன் வரும் பயன்பாட்டுத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். ஆயுள் எத்தனை ஆண்டு என்பது அதில்தான் இருக்கும். துணி, பிளாஸ்டிக் பொருள்களுக்கு, பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்து ஆண்டுதான் என்று பெட்ஸல் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பொருள், நிறுவனம், விதி எண், தொகுதி எண், தயாரித்த ஆண்டு, வாங்கிய கடை, முதல் பயன்பாட்டு நாள், பலத்த விழுச்சி நேர்ந்த நாள், கழிக்க வேண்டிய ஆண்டு என ஒன்பது கட்டம். 2016-இல் அமெரிக்காவின் பிளாக் டயமண்ட் நிறுவனம், தயாரிப்புக் குறை காரணமாகச் சில காரபினர்களையும் ஸ்லிங்குகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதைத் தயாரிப்புக் குறியைக் கொண்டே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது, நோட்டுப் புத்தகம் உள்ளவர் ஐந்து நிமிடத்தில் விடை காண்பார். இல்லாதவர் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும், அல்லது எதையும் சந்தேகிக்காமல் இருந்துவிடுவார். இரண்டாவது நிலைதான் ஆபத்து.

வைக்கும் இடமும் முக்கியம். கயிறு, ஸ்லிங், ஹார்னஸ் மூன்றையும் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கந்தக அமிலம் நைலானை அரிக்கும். மேலே தடயம் இல்லாமலே உள்ளிழை வலுவிழந்துபோகலாம். கார் டிக்கியில் பேட்டரி ஏற்றிச் சென்ற பிறகு அதே இடத்தில் கயிற்றைப் போடுவதும் கூடாது. துணிப்பையில் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

பயிற்சி வினாக்கள்

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடை எழுதிப் பாருங்கள்.

அ. ஒருவர் 3 மீட்டர் விழுகிறார். வெளியில் இருக்கும் கயிறு 12 மீட்டர். விழுச்சி விகிதம் என்ன? அதே 3 மீட்டர் விழுந்து, கயிறு 2 மீட்டர் என்றால்?

ஆ. ஒரு காரபினரில் சி.இ. என்ற எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. நான்கு இலக்க எண்ணும் தொகுதி எண்ணும் இல்லை. விலை பாதி. வாங்கலாமா?

இ. கயிற்றுப் பட்டையில் 892 என்றும், வட்டத்துக்குள் அரை என்றும் உள்ளது. இந்த ஒரு கயிற்றை மட்டும் கொண்டு முன்னால் ஏறலாமா?

விடைகள்: அ. 0.25, 1.5. ஆ. கூடாது. இ. கூடாது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். பயிற்சிக் கட்டணம், ரயில் செலவு, முகாம் செலவு எல்லாம் கொடுத்துவிட்டுக் காரபினரில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சட்டையிலும் பையிலும் பிடியுங்கள். பயிற்சி இல்லாத கையில் எவ்வளவு உயர்ந்த கருவியும் பயன்படாது என்பதால், கருவிக்கு முன் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். டார்ஜிலிங்கில் 1954 முதலும், உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இயங்கிவருகின்றன. நம் ஊரிலும் அனுபவமுள்ள குழுக்கள் உண்டு.

பிள்ளை மலைக்குக் கிளம்பும்போது, “பத்திரமாகப் போய் வா” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முதல் நாள் இரவு, கயிற்றின் நுனிப்பட்டையையும் காரபினரின் முதுகையும் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று குறியுங்கள். பத்து நிமிட வேலை. அதன்பிறகு அனுப்பி வையுங்கள்.